நோவு சொல்லும் நேரம்

காலையில் கண் விழித்ததும் சிலர் சாமி கும்பிடுகிறார்கள், பலர் போனைத் தேடுகிறார்கள். நான் என் உடம்பை விசாரிப்பேன். தலை வலிக்கிறதா? இல்லை. தொண்டை? எச்சில் இறங்குகிறது. வயிறு, இடுப்பு, கால்? எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. இவ்வளவும் ஐந்து மணிக்குள் முடிந்துவிட வேண்டும். முடியாவிட்டால் பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளாது. ராஜபாளையத்து மில்லை விட்டு வந்து, கல்யாணம் முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையிலும் உட்கார்ந்தாயிற்று. இந்த விசாரணை மட்டும் நின்றபாடில்லை.

இதைப் பழக்கிவிட்டவர் எங்கள் மில் ஹாஸ்டலின் வார்டன். வார்டம்மா என்று கூப்பிடுவோம். பெயர் எனக்குத் தெரியும், ஆனால் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

நூல் மில்லில் வேலை பார்க்கும் பெண்பிள்ளைகளுக்கான ஹாஸ்டல் அது. மில் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்தது. மம்சாபுரத்திலிருந்து நான், வ. புதுப்பட்டியிலிருந்து சிலர், கான்சாபுரத்திலிருந்து சிலர், இன்னும் எங்கெங்கிருந்தோ பலர். வேலைக்கு மில், தூங்குவதற்கு ஹாஸ்டல், நடுவில் ஒரு கிரில் கேட். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே விடுவார்கள். போன் கூடாது. அந்த ஹாஸ்டலில் மேலுக்கு முடியாமல் போவதற்கும் ஒரு நேரம் இருந்தது.

காலை ஐந்து மணி. முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதற்கு முன்னால், சாப்பாட்டு ஹாலை ஒட்டிய வராந்தாவில் வார்டம்மா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, விரலில் வெட்டு, கண்ணில் பஞ்சு, எதுவானாலும் அப்போது வரிசையில் நின்று சொல்ல வேண்டும். மத்தியான ஷிப்டுக்குப் போகிறவளும் அப்போதே எழுந்து வந்து சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்லி முடித்ததும் ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். அதற்குப் பிறகு வருகிற நோவு மறுநாள் கணக்கு.

"அப்ப நடுவுல வந்தா என்ன செய்ய?" என்று யாரோ கேட்டதற்கு, "விழுந்தா தூக்குவோம், அதுக்கு நேரம் கெடையாது. நடந்து வந்து சொல்லுத நோவுக்குத்தான் நேரம்" என்றார்.

அவர் வந்த புதிதில் எதைச் சொன்னாலும் "நான் ஜெயில்ல இருந்தப்ப" என்றுதான் ஆரம்பிப்பார். பாதிப் பிள்ளைகள் அவர் கொலை செய்துவிட்டு வந்தவர் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். யாரைக் கொன்றார் என்பதில்தான் தகராறு. புருஷனை என்று ஒரு கட்சி, மாமியாரை என்று இன்னொரு கட்சி. நான் மாமியார் கட்சி. பிறகு சமையல்கார அக்கா சொல்லித்தான் தெரிந்தது, பெண்கள் சிறையில் காவலராக இருந்து ரிட்டையர் ஆனவர் என்று. எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

ஆனால் ஜெயிலை விட்டு அவர் வந்தாரே தவிர, ஜெயில் அவரை விடவில்லை. கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டார். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் தலையை எண்ணாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு தீபாவளிக்கு வ. புதுப்பட்டிக்காரி ஒருத்தியின் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி நிறைய அதிரசம் வந்தது. வார்டம்மா அதைத் தரையில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டாகப் பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். உள்ளே பிளேடோ பீடியோ இருக்கும் என்று அவர் கை பழகியிருந்தது. "அதிரசத்துக்குள்ள என்ன வார்டம்மா இருக்கப் போகுது?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லன்னு இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல, தின்னுங்க" என்றார். அந்தத் தீபாவளிக்கு அத்தனை பேரும் பாதி அதிரசமாகத்தான் தின்றோம்.

நோவு சொல்லும் நேரமும் ஜெயிலிலிருந்து கூடவே வந்ததுதான். அங்கே காலையில் பூட்டைத் திறந்ததும் உள்ளே இருப்பவர்கள் நோவு சொல்ல ஒரு நேரம் உண்டாம். அப்போது சொன்னால் டாக்டர் பார்ப்பார். விட்டுவிட்டால் அடுத்த நாள் பூட்டு திறக்க வேண்டும். அதை அப்படியே தூக்கி வந்து எங்கள் வராந்தாவில் வைத்துவிட்டார்.

வரிசையில் நிற்பது ஒரு கஷ்டம் என்றால், வாய்விட்டுச் சொல்வது அதைவிடப் பெரிய கஷ்டம். காதோடு காதாகச் சொன்னால் ஏற்க மாட்டார். பின்னால் நிற்கிறவளுக்கும் கேட்க வேண்டும். புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு அவர் காதருகே போய் முணுமுணுத்தாள்.

"என்னட்டி? சத்தமா சொல்லு."

"அது... மாசாமாசம் வருமே..."

"அதுக்குப் பேரு இல்லையா? வவுத்து வலின்னு சொல்லு. நீ என்ன கொலையா செஞ்சுட்ட?"

வராந்தா ஓரமாக வேன் டிரைவர் டீ குடித்துக்கொண்டு நின்றார். வார்டம்மா திரும்பி, "ஏலே, டீயக் குடிச்சாச்சுன்னா அந்தப் பக்கமாப் போ" என்று அவரை விரட்டிவிட்டு, மறுபடியும் இவளிடம், "இப்ப சொல்லு, எல்லாருக்கும் கேக்கணும்" என்றார். அந்தப் பிள்ளை அழாத குறையாகச் சொன்னாள். வார்டம்மா நாக்கைப் பார்த்தார், கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், புறங்கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தீர்ப்பு. அவரிடம் மூன்று தீர்ப்புகள்தான் உண்டு. வேலை, படுக்கை, ஆஸ்பத்திரி. அன்று அவளுக்குப் படுக்கை.

எங்களுக்கு அவரைப் பிடிக்காது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நோவு இருந்தால் படுக்க விட வேண்டியதுதானே, அதற்கு ஊரைக் கூட்டி ஏலம் போட வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒரு நாள் நானே மாட்டினேன். காய்ச்சலோடு எழுந்து, பாத்ரூமில் வரிசை நின்று, வராந்தாவுக்கு வருவதற்குள் அவர் ஸ்டூலைக் கையில் எடுத்துவிட்டார். 

"வார்டம்மா, காய்ச்ச அடிக்குது."

"நேரம் போச்சு. நாளைக்கு வா."

"தொட்டுப் பாருங்க, கொதிக்குது."

"தொட்டேன்னா பாத்ததாயிரும். நாளைக்கு வா."

காய்ச்சலோடு அன்று முழுக்க ஸ்பின்னிங்கில் நின்றேன். அறுந்த நூலை ஒட்டப் போனால் கண்ணுக்கு ஒன்று இரண்டாகத் தெரிகிறது. இந்தப் பொம்பளை நாசமாய்ப் போகட்டும் என்று ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தரம் திட்டினேன். மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் நின்றேன். கழுத்தில் கை வைத்தவர், "இம்புட்டையும் வச்சுக்கிட்டா நேத்து வேலை பாத்த?" என்று கேட்டார். பார்க்க வைத்ததே அவர்தான்! படுக்கை என்றார். அன்று இரண்டு தரம் கஞ்சி வந்தது. கொண்டுவந்ததும் அவர்தான்.

அந்த ஐந்து மணி விஷயத்தில் அவர் ஏன் அப்படி ஒரு பிடியாக இருந்தார் என்பது எங்களுக்கு ஓர் ஆர்டர் சமயத்தில்தான் விளங்கியது. மில்லில் ஏதோ பெரிய ஆர்டர் வந்திருந்தது. ஆள் போதவில்லை. சூப்பர்வைசர் ஒருவர் ஹாஸ்டல் கிரில் கேட்டுக்கே வந்து, படுக்கையில் இருந்த பிள்ளைகளை அனுப்பச் சொன்னார். வார்டம்மா உள்பக்கமாகப் பூட்டைப் போட்டுவிட்டு நின்றார்.

"அவிய காலைலயே சொல்லிட்டாவ. நான் படுக்கைன்னு சொல்லிட்டேன்."

"ஆள் பத்தலம்மா. செத்த நேரம் வந்து நின்னாப் போதும். சும்மா நிக்க வேண்டியதுதான்."

"சும்மா நிக்கிறதுக்கு நீ போதுமே. நீ போய் நில்லு."

"முதலாளி கேட்டா நான் என்ன சொல்ல?"

"அந்த நேரத்துக்குள்ள சொன்ன பிள்ளைய யாரும் தொடக்கூடாதுன்னு பேசித்தான நான் இந்த வேலைக்கு வந்தேன். அதச் சொல்லு."

அதுதான் விஷயம். வேலைக்குச் சேரும்போதே அவர் ஆபீசில் அப்படி ஒரு பேச்சுப் பேசி வாங்கியிருக்கிறார். ஐந்து மணிக்குச் சொன்ன நோவுக்கு மில் பொறுப்பு. வைத்தியச் செலவும் மில்லுடையது. சொல்லாமல் மறைத்து வேலைக்குப் போய் ஏதாவது ஆனால், அது அந்தப் பிள்ளையின் தலையோடு போகும், வேலையும் போகும். அந்த நேரத்துக்குள் சொன்னவர்கள் அவருடைய ஆட்கள், சொல்லாதவர்கள் மில்லுடைய ஆட்கள். பூட்டைப் போட்டுக்கொண்டு அவர் நின்றதைப் பார்த்த அன்றுதான் எனக்கு அவர்மேல் முதன்முதலாக ஒரு பிரியம் வந்தது. சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார். கல்யாணமான புதிதில் வார்டம்மாவைப் பற்றிச் சொன்னபோது அவர் போனிலேயே சிரித்தார். "எங்களுக்கும் இதே கூத்துதான். காலைல பேரு குடுக்கணும், வரிசையா நிக்கணும். மருந்து-டூட்டின்னு ஒண்ணு எழுதுவாவ. மாத்திரையப் போட்டுக்கிட்டு டூட்டிக்குப் போன்னு அர்த்தம். நோவும் கெடையாது, லீவும் கெடையாது" என்றார். "அப்ப நிஜமாவே முடியலன்னா?" என்று கேட்டேன். "நிஜமா பொய்யான்னு பாக்கதுக்குத்தான அந்த வரிசையே" என்றார். 

அதைப் பார்ப்பதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று வார்டம்மாவுக்கு ஒரு நினைப்பு இருந்தது. பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. என் அறையில் மாரி என்று ஒருத்தி இருந்தாள், கான்சாபுரத்துக்காரி. எதற்கெடுத்தாலும் அழுவாள். டிவியில் யாராவது அழுதால் அழுவாள், வடை தீர்ந்துவிட்டது என்றால் அழுவாள், வீட்டிலிருந்து அம்மா வந்தாலும் அழுவாள், வராவிட்டாலும் அழுவாள். ஒரு தடவை ஊரில் பொங்கல் வைக்கிற சமயம், லீவு கிடைக்கவில்லை. அக்குளில் வெங்காயம் வைத்தால் உடம்பு சுடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இரண்டு கைக்கும் ஒவ்வொரு வெங்காயம் வைத்துக்கொண்டு படுத்தாள். காலையில் கண்ணீரும் கம்பலையுமாக வரிசையில் நின்றாள். வார்டம்மா கழுத்தில் கை வைக்கவே இல்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினார்.

"ஏட்டி, முட்ட ஒண்ணு கொண்டாரவா? ஆம்லெட் போட்ருவோம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. மாரி அழுதுகொண்டே சிரித்தாள். வேலை என்று தீர்ப்பானது.

அழுகிறவளை நம்பக்கூடாது என்பது வார்டம்மாவின் பாடம். அதற்கு ஒரு கதை வைத்திருந்தார். ஜெயிலில் ஒருத்தி தினமும் நோவு சொல்லும் நேரத்தில் ஓவென்று அழுவாளாம். வெளி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் வழியில் பிள்ளையைப் பார்க்கலாம் என்று நடிப்பு. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தபோது, வரிசையின் கடைசியில் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாளாம். "ஒண்ணும் இல்லம்மா, கொஞ்சம் வலி" என்றாளாம். அவளுக்குத்தான் கர்ப்பப்பையில் கட்டி இருந்திருக்கிறது, பார்க்கும்போது காலம் கடந்துவிட்டது. "அன்னைக்கு முடிவு பண்ணுனேன். சத்தம் போடுதவளுக்கு ஒண்ணும் இருக்காது. சத்தம் போடாதவளத்தான் பாக்கணும்" என்று அவர் சொல்லும்போது குரல் இறுகும். அவர் அந்தக் கடைசி ஆளை மறக்கவில்லை. எங்கள் வரிசையிலும் கடைசியில் யார் நிற்கிறாள் என்றுதான் முதலில் பார்ப்பார்.

நான் மில்லில் இருக்கும்போதே அவர் ஹாஸ்டலை விட்டுப் போய்விட்டார். ஏன் போனார் என்பதற்கு வருகிறேன். அவருக்குப் பதிலாக வந்தவள் சின்ன வயதுக்காரி, படித்தவள், சிரித்த முகம். வந்த முதல் நாளே எங்களைக் கூட்டி வைத்து, "இனிமே வரிசையெல்லாம் வேண்டாம்ப்பா. உடம்பு சரியில்லன்னா எப்ப வேணாலும் வந்து சொல்லுங்க" என்றாள். நாங்கள் கை தட்டினோம். ஐந்து மணிக்கு எழ வேண்டாம் என்ற சந்தோஷத்தில் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினோம். பிறகு எனக்கு ஒரு நாள் தலைசுற்றல் வந்தது. காலையில் போய்ச் சொன்னேன், "அப்படியா, பாத்துக்கலாம்" என்றாள். சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன், "சொன்னீல்ல, ஞாபகம் இருக்கு" என்றாள். சூப்பர்வைசரிடம் கேட்டால், "வார்டன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே" என்றார். சாயங்காலம் நான் மூன்றாவது தடவை போனபோது அவள் ஆபீசுக்குப் போயிருந்தாள். கெட்டவள் இல்லை அவள். எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம் என்று ஆனபின், கேட்பதற்கென்று யாரும் எந்த நேரத்திலும் உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் ஆர்டர் வந்ததும் படுக்கையில் கிடந்தவர்களை எழுப்பிக்கொண்டு போனார்கள். கேட்டை யாரும் பூட்டவில்லை.

வார்டம்மாவை அப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில். ராஜபாளையம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு, வந்து நின்ற பஸ்ஸின் ஜன்னல்களைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். தலைகளை எண்ணுகிறார் என்று எனக்கு உடனே தெரிந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். இளைத்திருந்தார். எப்படி இருக்க, எத்தனை பிள்ளைங்க என்று எதுவும் கேட்கவில்லை.

"மாரி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா வார்டம்மா. கான்சாபுரத்துலதான். ரெண்டு பிள்ளைக."

"இன்னும் அழுகுதாளா?"

"போன் போட்டாலே அழுகைதான்."

"அழட்டும்" என்றார். பஸ் உறுமியது. படியில் கால் வைத்துத் திரும்பி, "நல்லா அழட்டும்" என்றார். 

ஆகவே மாரி பிழைத்துவிட்டாள் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. நோயாளியைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கேட்கிறவர்களைத் தவிக்கவிடுவது எனக்குப் பிடிக்காது. நான் சொல்ல வந்தது வேறு.

வார்டம்மா எங்களை விட்டுப் போகக் காரணமான அந்த நாள் காலையில் மாரி வரிசையில் நின்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதாள். "வவுறு வலிக்கு வார்டம்மா, தாங்க முடியல, இந்தா இங்கன" என்று வலது பக்கத்தைக் காட்டினாள். ஊரில் மறுநாள் திருவிழா என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வார்டம்மாவுக்கும் தெரியும்.

"நேத்து ராத்திரி என்ன தின்ன?"

"பரோட்டா."

"எத்தன?"

மாரி அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தாள். அந்த யோசனையைப் பார்த்து வரிசை சிரித்தது. வார்டம்மாகூடச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நாக்கைப் பார்த்தார், இமையைப் பார்த்தார், வயிற்றில் கை வைக்கவில்லை. வேலை என்றார்.

மத்தியானத்துக்கு முன்னால் மாரி மெஷினுக்குப் பக்கத்தில் விழுந்தாள். வாந்தி, உடம்பெல்லாம் நெருப்பு. மில் வேனில் ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அறைத் தோழி என்பதால் என்னையும் ஏற்றினார்கள். வார்டம்மா மாரியின் காலை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மாரி அழவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. குடல்வால் வெடித்துவிட்டது, உடனே அறுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

உள்ளே கொண்டு போன பிறகு மில்லிலிருந்து, ஆட்கள் விவகாரம் பார்க்கும் பெர்சனெல் ஆபீசர் வந்தார். சின்னப் பையன்தான், சட்டை முழுக்க வேர்வை. அவருக்கு மேலே ஒருத்தர், அவருக்கும் மேலே ஒருத்தர் என்று இருந்திருப்பார்கள். வார்டம்மாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசினார். எனக்கு எல்லாமே கேட்டது.

"அம்மா, காலைல பொண்ணு வந்து சொல்லவே இல்லன்னு சொல்லிருங்க. அம்புட்டுதான். நீங்க வேலைக்கு அனுப்புனதா ஆனா உங்களுக்கும் சங்கடம், கம்பெனிக்கும் சங்கடம்."

வார்டம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு மறைச்சுட்டான்னா யாரு மேலயும் தப்பு வராது. யோசிச்சுப் பாருங்க. உங்க வயசுக்கு இந்த வேலையும் போயிட்டா..." என்றவர், என் பக்கம் திரும்பி, "நீயும் காலைல அந்த வரிசைல நின்னியாம்மா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் வார்டம்மா தலையைத் தூக்காமல், "நீ போய் ஒரு பாட்டில் தண்ணி வாங்கிட்டு வாட்டி" என்றார். பதில் சொல்கிற சங்கடத்திலிருந்து என்னைத் தப்பிக்க வைக்கத்தான் அனுப்புகிறார் என்று புரிந்தது. எழுந்து ஓடினேன். கடையில் தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அவர் என்ன சொல்லப் போகிறார், என்ன சொல்லிவிட்டார் என்று நினைத்து நடையை எட்டிப் போட்டேன். மாரிக்கு அப்பா இல்லை. அம்மா கத்தரிக்காய் பறிக்கப் போகிறவள். ஆபரேஷன் செலவு அவள் தலையில் விழுந்தால் அந்தக் குடும்பம் எழுந்திருக்காது.

நான் வரும்போது மாரியின் அம்மா வந்துவிட்டிருந்தாள். கத்தரிக்காய்த் தோட்டத்திலிருந்து அப்படியே பஸ் ஏறியிருக்கிறாள், தலையில் கட்டிய துண்டுகூட அவிழ்க்கவில்லை. ஆபீசர் அவளிடம் மரியாதையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்: பிள்ளை காலையில் யாரிடமும் சொல்லவில்லை, வலியை மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டது, சொல்லியிருந்தால் அப்போதே பார்த்திருக்கலாம்.

அந்த அம்மா மூடியிருந்த கதவைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். "ஏட்டி மாரி, முள்ளு குத்துனாலே மூணு தெருவுக்குக் கேக்க அழுவியே. இதுக்கு மட்டும் வாய மூடிக்கிட்டு இருந்தியாட்டி? ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதாட்டி, பாவி மகளே..."

வார்டம்மா எழுந்தார்.

"சொன்னா" என்றார். 

வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஆபீசர் அவர் கையைத் தொட்டார். அவர் கையை விலக்கிக்கொண்டார்.

"காலைல அஞ்சு மணிக்கு வந்து வரிசைல நின்னா. வவுறு வலிக்குன்னு சொன்னா. எங்கன வலிக்குன்னும் காட்டுனா. நடிக்கான்னு நெனச்சு நான்தான் வேலைக்கு அனுப்புனேன். உன் மக மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு பூராவும் என்னோடது."

"அம்மா, நீங்க பதட்டத்துல பேசுறீங்க..."

"பதட்டம் ஒண்ணும் இல்ல தம்பி. அவ சொன்னத வரிசைல நின்ன அத்தன பிள்ளையும் கேட்டுச்சு. இவ ஒருத்திய நான் தண்ணி வாங்க அனுப்புனேன், மத்த அத்தன பேரையும் நீ எங்க அனுப்புவ?"

ஆபீசர் உட்கார்ந்துவிட்டார். செலவு மில்லுடையதாகப் போனது அந்த நிமிஷத்தில்தான். வார்டம்மாவுக்கு வேலை போனதும் அந்த நிமிஷத்தில்தான். இரண்டும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

மாரியின் அம்மாவுக்கு அதெல்லாம் எட்டவில்லை. இந்தப் பொம்பளைதான் என் பிள்ளையை அனுப்பினாள் என்பது மட்டும்தான் எட்டியது. பாய்ந்து வந்து வார்டம்மாவின் சேலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, இன்னொரு கையால் தோளிலும் கழுத்திலும் மாறி மாறி அடித்தாள். நான் தண்ணீர் பாட்டிலைப் போட்டுவிட்டு விலக்க ஓடினேன். "விடுட்டி. அவ அடிக்கட்டும்" என்றார் வார்டம்மா. கையைக்கூடத் தூக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மாரி விழுந்ததிலிருந்து எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரம் அப்போதும் போகவில்லை. இன்னும் இரண்டு அடி விழட்டும் என்று ஒரு மனம் சொன்னது. ஐயோ, போதும் என்று இன்னொரு மனம் அழுதது. இன்றைக்கும் அவரை நினைத்தால் அந்த இரண்டும் ஒன்றாகத்தான் வருகின்றன.

கை ஓய்ந்ததும் அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். ஆபீசரைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தாள். கடைசியில், இன்னும் சேலையைப் பிடித்திருந்த கையோடு, தான் அடித்த அந்த முகத்தையே நிமிர்ந்து பார்த்தாள். அங்கே இருந்தவர்களில் தன்னிடம் நிஜத்தைச் சொன்னவர் அவர் ஒருவர்தான் என்று அவளுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

"பொழச்சிருவாளா?" என்று அவரிடம் கேட்டாள். "நீ சொல்லு."

வார்டம்மா மூடியிருந்த கதவைப் பார்த்தார்.

"தெரியல தாயி" என்றார். 

ஆபரேஷன் தியேட்டரின் கதவு திறக்கிற வரைக்கும் மாரியின் அம்மா அந்தச் சேலையை விடவில்லை.